தேவனுடைய ராஜ்யத்தை இப்போதே அனுபவிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

நம்முடைய சபைகளில் ராஜ்யம் என்ற பேச்சு அதிகம் வருவது அடக்க ஆராதனையில்தான். போஸ்டரில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டு, கல்லறைத் தோட்டத்தில் போதகர் பரம ராஜ்யத்தைப் பற்றிப் பேசி முடித்ததும், அந்த விஷயம் அடுத்த சாவு வரைக்கும் மூட்டை கட்டி வைக்கப்படுகிறது. சுவிசேஷங்களைத் திறந்தால் கதை வேறு. மீனவர்கள் வலை அலசுகிற கரையிலும், வரி வசூலிக்கிறவன் வீட்டுப் பந்தியிலும், வியாதிக்காரர்கள் முண்டியடிக்கிற வாசலிலும் நின்றுதான் இயேசு இதைப் பற்றிப் பேசுகிறார். மாற்கு எழுதின சுவிசேஷத்தில் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியமே "காலம் நிறைவேறிற்று, தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று" என்பதுதான்.

ஏற்கெனவே விசுவாசியாக இருந்து, சபைக்குப் போய், வேதம் வாசித்து, 'எல்லாம் சரி, ஆனால் இந்த ராஜ்யம் திங்கட்கிழமை காலையில் எங்கே போய்விடுகிறது?' என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கத்தோலிக்கர்கள் இறையாட்சி என்பதும் இதையேதான், அவர்களுக்கும் இந்த வழி பொருந்தும்.

சொல்ல வருவது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் அதைச் செய்கிற விதம். ராஜ்யத்தை ஓர் உணர்ச்சியாகத் தேடினால் கையில் அகப்படாது. உங்கள் வாழ்க்கையில் இன்னமும் நீங்களே ராஜாவாக உட்கார்ந்திருக்கிற ஓர் இடத்தைப் பேர் சொல்லி தேவனிடம் கொடுத்தால், அந்த இடத்தில் அது தெரிய ஆரம்பிக்கும்.

மனதில் இருக்கிற படத்தை முதலில் திருத்துங்கள்

பொதுவாக இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று, ராஜ்யம் செத்த பிறகு போகிற ஊர், அதுவரை இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது. மற்றொன்று, ராஜ்யம் முழுசாக வந்தாயிற்று, ராஜாவின் பிள்ளைக்கு வியாதியும் கடனும் வரவே கூடாது, வந்தால் விசுவாசம் போதவில்லை என்பது. முதலாவது படம் ஆளைச் சோம்பேறியாக்கும். இரண்டாவது படம் புற்றுநோயோடு படுத்திருக்கிறவரைக் குற்றவாளியாக்கும். எனக்கு அதன்மேல்தான் கோபம் அதிகம்.

வேதம் இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. "நான் தேவனுடைய ஆவியினாலே பிசாசுகளைத் துரத்துகிறபடியால், தேவனுடைய ராஜ்யம் உங்களிடத்தில் வந்திருக்கிறதே" என்று மத்தேயு 12:28-ல் சொன்ன அதே இயேசுதான், "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று ஜெபிக்கவும் கற்றுக்கொடுத்தார். வந்தும் இருக்கிறது, வரவும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டு இறையியலாளர்கள் இதை வைத்து நிறையவே மல்லுக்கட்டினார்கள். சீக்கிரம் வரப்போகிற உலக முடிவைத்தான் இயேசு எதிர்பார்த்தார் என்றார் ஆல்பர்ட் ஷ்வைட்சர். இல்லை, அவருடைய ஊழியத்திலேயே ராஜ்யம் வந்துவிட்டது என்று 1935-ல் எழுதினார் சி. எச். டாட். அப்புறம் ஆஸ்கர் குல்மன் போர்க்களத்திலிருந்து ஓர் உதாரணம் எடுத்தார்: தீர்மானமான சண்டையில் ஜெயித்த பிறகும் வெற்றி நாள் வரைக்கும் போர் நீளும். இதை விளக்குகிறவர்கள் 1944 ஜூன் 6-ல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியதையும், 1945 மே 8-ல் ஐரோப்பாவில் போர் முடிந்ததையும் காட்டுவது வழக்கம். நடுவில் பதினோரு மாதம், அதில் லட்சக்கணக்கில் உயிர்கள் போயின. நாம் இருப்பது அந்த நடுவில்.

இதை மனதில் பதித்துக்கொண்டால்தான் கீழே வருகிற படிகள் ஓடும். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே ஒன்று அலுத்துப்போவீர்கள், அல்லது அற்புதம் நடக்கவில்லை என்று உடைந்துபோவீர்கள்.

படி 1: ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

'என் முழு வாழ்க்கையையும் ஒப்புக்கொடுக்கிறேன்' என்று கன்வென்ஷன் கூட்டத்தில் கையை உயர்த்துவது சுலபம், ஏனென்றால் முழு வாழ்க்கை என்பதற்கு விலாசம் கிடையாது. இயேசு ஆளுக்கொரு இடத்தைத் தொட்டார். பணக்கார வாலிபனிடம் சொத்தைத் தொட்டார், சமாரியப் பெண்ணிடம் புருஷனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார், மார்த்தாளிடம் அவளுடைய பரபரப்பைச் சொன்னார்.

உங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க உண்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் சில உண்டு. யாராவது எதைப் பற்றிக் கேட்டால் உடனே சுர்ரென்று கோபம் வருகிறது? எந்த விஷயத்தில் யோசிக்காமலேயே பொய் வருகிறது? எதைப் பற்றி மட்டும் ஜெபத்தில் பேசாமல் நாசூக்காகச் சுற்றிப் போகிறீர்கள்? வீட்டில் யாருடைய சத்தம் கேட்டால் முகம் மாறுகிறது? பதில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: கைபேசியோடு போகிற இரவு, கடன் அட்டை, மாமியாரோடு பேச்சு நின்றுபோனது, வேலைக்கு வருகிற அம்மாவிடம் பேசுகிற தொனி, பிள்ளையின் மதிப்பெண், பங்காளியோடு நிலத் தகராறு, கல்யாணத்துக்குச் சாதி பார்ப்பது.

ஒன்றை மட்டும் எடுங்கள். அதை ஒரு வரியில் தாளில் எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள். 'நான் நல்லவனாக வேண்டும்' என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். 'ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் மகனிடம் நான் பேசுகிற விதம்' என்ற அளவுக்கு அது குறுகலாக இருக்க வேண்டும்.

படி 2: பரமண்டல ஜெபத்தை அந்த இடத்தில் நின்று ஜெபியுங்கள்

மூச்சு விடாமல் அரை நிமிடத்தில் முடிக்கிற ஜெபம் இது, நமக்குத் தெரிந்ததுதான். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும் திதகே என்ற பழைய சபைக் கையேட்டில், இதை ஒரு நாளைக்கு மூன்று தரம் ஜெபிக்கும்படி சொல்லியிருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம்: காலை எழுந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவு படுக்குமுன்.

"உம்முடைய ராஜ்யம் வருவதாக, உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக" என்ற வரி வரும்போது நிறுத்துங்கள். பூமியிலே என்ற இடத்தில் நீங்கள் தாளில் எழுதினதை வைத்துச் சொல்லுங்கள். 'இந்தக் கடையிலே', 'இந்த வகுப்பறையிலே', 'எனக்கும் அண்ணனுக்கும் நடுவிலே'. அப்புறம் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். ஏதாவது ஒரு காரியம், சின்னதாக, செய்ய வேண்டியதாக மனதில் வரும்; வராவிட்டாலும் பரவாயில்லை, மதியம் மறுபடி கேளுங்கள். வருவது எல்லாம் கர்த்தர் சத்தம் என்று துள்ள வேண்டாம். மலைப்பிரசங்கத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், முட்டுகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

வாசிப்பைப் பொறுத்தவரை, இந்த நாட்களில் மத்தேயு 5 முதல் 7 வரையும் 13-ம் அதிகாரமும் போதும். வருஷ ஆரம்பத்தில் எடுக்கிற வாக்குத்தத்த வசன அட்டையை ஸ்டேட்டஸில் போடுவதில் தப்பில்லை, ஆனால் ராஜ்யத்தைப் பற்றி இயேசு சொன்ன உவமைகள் அந்த அட்டைகளில் அதிகம் வருவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

படி 3: உணர்வு வருவதற்கு முன்னாலேயே கீழ்ப்படியுங்கள்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் நின்றுவிடுகிறார்கள். முதலில் சமாதானம் வரட்டும், அப்புறம் செய்கிறேன் என்று காத்திருப்போம். யோவான் 7:17-ல் இயேசு வைக்கிற வரிசை தலைகீழ்: அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன்தான் இந்த உபதேசம் தேவனால் உண்டானதா என்று அறிந்துகொள்வான். செய்ய மனம் வைப்பது முதலில், தெரிவது பின்னால்.

வரி வசூலிக்கிறவர்களுக்குத் தலைவனான சகேயுவைப் பாருங்கள். இயேசு அவன் வீட்டில் என்ன பிரசங்கித்தார் என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. அவன் எழுந்து நின்று ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய்த் திரும்ப என்று கணக்குச் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை வருகிறது. இன்றைக்கு, இந்த வீட்டுக்கு!

ஆகவே மனதில் வந்த சின்னக் காரியத்தை அன்றைக்கே செய்து முடியுங்கள். நாளைக்குத் தள்ளினால் அதற்கு நியாயமான காரணங்கள் நாலு முளைத்துவிடும். வேலைக்கு வருகிறவரின் சம்பளத்தை ஒன்றாம் தேதியே கொடுப்பது, தப்பாக எழுதின பில்லைத் திருத்துவது, பேசாமல் இருக்கிறவருக்கு 'சாப்பிட்டாயா' என்று ஒரு போன் செய்வது. அளவு முக்கியமில்லை, தேதி முக்கியம். கூலி விஷயத்தில் யாக்கோபு 5:4 ரொம்பக் கடுமையாகவே பேசுகிறது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார், உபவாச ஜெபத்துக்கு வருகிற முதலாளிகள் அதை ஒரு தரம் வாசிக்கலாம்.

படி 4: மன்னிப்பு

மத்தேயு 18-ல் இயேசு பரலோக ராஜ்யத்தை ஒரு கணக்குத் தீர்க்கிற ராஜாவுக்கு ஒப்பிடுகிறார். ஒரு ஊழியக்காரன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பெருக்கிப் பாருங்கள்: 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றாலும் 2 லட்சம் வருஷம் உழைக்க வேண்டும். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள், அப்படி ஒரு கடனே கிடையாது. அதை ராஜா தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான்.

பிரசங்கத்தில் அந்த 100-ஐ ஒன்றுமில்லாத தொகை மாதிரிச் சொல்வார்கள். அப்படி இல்லை. 100 நாள் கூலி என்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குடும்பத்தின் சாப்பாடு. உங்களுக்குச் செய்யப்பட்டது நிஜமாகவே பெரிய விஷயம், இயேசு அதைச் சின்னதாக்கவில்லை. ராஜா தள்ளுபடி செய்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மட்டும்தான் அதன் அளவு மாறுகிறது.

செய்முறை என்று கேட்டால், முதலில் கடனை எழுதுங்கள். 'சித்தப்பா என் அப்பாவுக்குச் சேர வேண்டிய பங்கை எடுத்துக்கொண்டார்' என்று உள்ளதை உள்ளபடி. மொட்டையாக 'எல்லாரையும் மன்னிக்கிறேன்' என்றால் யாரையும் மன்னிக்கவில்லை. அப்புறம் அதை வாசித்து, 'இதற்கு ஈடாக நான் இனி அவரைத் தண்டிக்க மாட்டேன், சொந்தக்காரர்கள் நடுவில் பேரைக் கெடுப்பதும் இல்லை' என்று தேவனுக்கு முன்னால் சொல்லுங்கள். மறுநாள் காலையில் கோபம் திரும்பி வரும். வந்தால் மன்னிப்பு தோற்றுப்போனது என்று அர்த்தமில்லை, மறுபடியும் சொல்லுங்கள். ஏழெழுபது தரம் என்றது சும்மா இல்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அடிக்கிற கணவனிடம் 'மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ' என்று ஒரு பெண்ணை அனுப்பி வைப்பது ராஜ்யத்தின் வேலை இல்லை. பிள்ளைகளிடம் தப்பாக நடந்தவனைச் சபையின் நல்ல பேருக்காக மூடி மறைப்பதும் இல்லை. பழிவாங்காமல் இருக்கலாம், அதே சமயம் காவல் நிலையத்தில் புகாரும் கொடுக்கலாம். நீதி ராஜ்யத்துக்கு வெளியே இருக்கிற பொருளா என்ன?

படி 5: உங்கள் பந்தியில் யார் உட்காருகிறார்கள்?

இயேசு யாரோடு சாப்பிட்டார் என்பதுதான் அவர்மேல் வந்த முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. லூக்கா 14-ல் விருந்துக்குச் சிநேகிதரையும் பணக்கார அயலாரையும் கூப்பிடாதே, ஏழைகளையும் ஊனரையும் கூப்பிடு என்கிறார். ஆதி சபையில் வெடித்த பெரிய சண்டைகளில் ஒன்றும் இதே பந்தியில்தான்: அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிப் போனார், பவுல் எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார் (கலாத்தியர் 2). சாப்பாட்டு விஷயம்தானே என்று விடவில்லை, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்றார்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனியாக உட்கார்ந்த காலம் நம்முடையது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை அடியோடு விட வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சபையையே விட்டுப் போனவர்கள் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் எழுப்பிச் செத்தவர்களையும் பிரித்து வைத்த ஊர்கள் உண்டு. 'பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து' என்று எபேசியர் 2:14-ஐ வாசித்துவிட்டு, மேட்ரிமோனி விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே சாதிப் பேரைப் போடுகிறோம். இந்த ஓர் இடத்தை ராஜாவுக்குக் கொடுக்காமல், வாரம் ஏழு நாளும் உபவாசம் இருந்தாலும் ராஜ்யத்தின் ருசி தெரியப் போவதில்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

எங்கே ஆரம்பிப்பது? வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். உங்கள் சபையில் இதுவரை உங்கள் வீட்டு வாசலை மிதிக்காத ஒரு குடும்பத்தை. தனி டம்ளர், தனித் தட்டு எதுவும் இல்லாமல், உங்கள் மேஜையில், உங்கள் பிள்ளைகளோடு. அவர்கள் கூப்பிடும்போது நீங்களும் போய்ச் சாப்பிடுங்கள், இதுதான் கஷ்டமான பாதி. ஏனென்றால் விருந்து வைக்கிறவராக இருக்கும்போது ராஜாவாக இருப்பது நீங்கள்தான்.

படி 6: பணம்

இதை நீட்ட வேண்டியதில்லை. தசமபாகம் கொடுத்தால் நூறு மடங்கு திரும்ப வரும் என்ற கணக்கோடு கொடுத்தால் அது முதலீடு, அதற்கு வங்கி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் சோறு ஆக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து ஊழியத்துக்குக் கொடுக்கிற பழக்கம் உண்டு. அந்தப் பிடி அரிசி நல்ல பாடசாலை: தினமும், கொஞ்சமாக, திரும்பி வராது என்று தெரிந்தே கொடுப்பது. அரிசியாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, பெயர் சொல்லாமல் யாருடைய பள்ளிக் கட்டணத்தையாவது கட்டுங்கள், அவ்வளவுதான்.

படி 7: இரவில் திரும்பிப் பாருங்கள்

ராஜ்யம் வந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது? ரோமர் 14:17 மூன்று அடையாளம் தருகிறது: நீதி, சமாதானம், பரிசுத்த ஆவியினாலுண்டாகும் சந்தோஷம். பதினாறாம் நூற்றாண்டில் இக்னேஷியஸ் லொயோலா நாளைத் திரும்பிப் பார்க்கிற ஒரு ஜெப முறையை ஏற்படுத்தினார், இயேசு சபைத் துறவிகள் இன்றும் அதைச் செய்கிறார்கள். அதை நம் காரியத்துக்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்ளலாம். விளக்கை அணைத்த பிறகு ஐந்து நிமிடம், அந்தத் தாளில் எழுதின இடத்தை மட்டும் நினைத்து: இன்றைக்கு அங்கே நேர்மையாக இருந்தேனா? அங்கே சண்டை குறைந்ததா, அல்லது நான் வாயை மூடிக்கொண்டதால் குறைந்த மாதிரித் தெரிகிறதா? நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷம் எங்காவது எட்டிப் பார்த்ததா?

மூன்றாவதைக் கவனமாகத் தேடுங்கள், அது பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். பாரிஸில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த லாரன்ஸ் என்ற கர்மேல் சபைச் சகோதரர் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர், ஜெப நேரத்தில் இருக்கிற அதே சமாதானம் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் தனக்கு இருந்ததாகச் சொன்னவர். ஆராதனையில் இசை ஏறும்போது வருகிற சிலிர்ப்பை மட்டும் அளவுகோலாக வைத்திருக்கிறவர்களுக்கு இந்த மாதிரிச் சந்தோஷம் கண்ணிலேயே படாது.

ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்போது

இது நிச்சயம் வரும். யோவான் ஸ்நானனுக்கே வந்தது. ராஜ்யம் சமீபமாயிற்று என்று முதலில் கத்தினவர் அவர்தான். அவர் ஏரோதின் சிறையில் கிடக்க, வெளியே குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், சிறைக்கதவு மட்டும் திறக்கவில்லை. "வருகிறவர் நீர்தானா?" என்று ஆளனுப்பிக் கேட்டார். இயேசு அந்தக் கேள்விக்காக அவரைத் திட்டவில்லை, கூட்டத்தின் முன் அவரைப் புகழ்ந்தே பேசினார். ஆனால் கதவும் திறக்கவில்லை.

ஆகவே சுகத்துக்காக ஜெபியுங்கள், தைரியமாகவே ஜெபியுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்சுலினையும் மனநல மருந்தையும் தூக்கிப் போட்டு விசுவாசத்தைக் காட்டச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். மாற்கு 4:26-29-ல் விதைத்தவன் தூங்குகிறான், எழுந்திருக்கிறான், விதை அவனுக்குத் தெரியாத விதமாக முளைக்கிறது. தினம் தோண்டிப் பார்த்தால் செத்துப்போகும்.

தனியாகச் செய்ய முடியுமா? கொஞ்ச நாள் முடியும். அதற்கு மேல் ஓர் ஆள் வேண்டும். உங்கள் தாளில் இருக்கிற வரியைக் காட்டக்கூடிய, காட்டினால் அடுத்த வாரம் சபை முழுக்கப் பரப்பாத ஒருவர். போதகராக இருக்க வேண்டிய அவசியமில்லை. வாரம் ஒரு முறை டீக்கடையிலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து, 'இந்த வாரம் அந்த இடத்தில் என்ன நடந்தது?' என்று அவர் கேட்கட்டும், நீங்களும் அவரைக் கேளுங்கள். அறிவுரை வேண்டாம், கேட்டால் போதும், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து பரமண்டல ஜெபத்தைச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

எப்போது அடுத்த இடத்துக்குப் போவது என்றால், முதல் இடத்தில் நீங்கள் யோசிக்காமலேயே வேறு மாதிரி நடந்துகொள்வதை வீட்டில் இருக்கிறவர்கள் கவனித்துச் சொல்லும்போது. உங்களுக்கே தோன்றுவதை நம்ப வேண்டாம், அவர்கள் சொல்லட்டும். சில இடங்களுக்கு ஒரு மாதம் போதும், நிலத் தகராறு மாதிரி விஷயங்கள் வருஷக்கணக்கில் இழுக்கும். சொன்ன பிறகு பழைய தாளைத் தூக்கிப் போடாமல் பின்பக்கத்தில் அடுத்த வரியை எழுதுங்கள்.